குழு சொல்கிறது, அரசு கேட்பதில்லை: மானியக் கோரிக்கை விசாரணைகளால் என்ன பயன்?

வாசுகி_ஆரூர்

எங்கள் தெருவில் நான்கைந்து பாட்டிகள் முதியோர் உதவித்தொகை வாங்குகிறார்கள். மாதம் 1,200 ரூபாய். தேசியத் திட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு அதில் மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான், மீதி மாநிலம் போடுவது என்று போன வாரம்தான் தெரிந்துகொண்டேன். 60 முதல் 79 வயது வரை 200, 80 ஆகிவிட்டால் 500. 2007-இல் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயர் வைத்து விரிவாக்கியபோதும் இதே 200தான். அன்றைக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு என்ன விலை, இன்றைக்கு என்ன விலை?

சரி, இதை யாருமே கேட்கவில்லையா என்று தேடினேன். ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு கேட்டிருக்கிறது, அதுவும் ஒருமுறை இரண்டுமுறை இல்லை. மானியக் கோரிக்கை, அதாவது அமைச்சகம் அடுத்த ஆண்டுச் செலவுக்கு நாடாளுமன்றத்திடம் கேட்கிற பணம், அது பற்றிய அறிக்கைகளில் "தொகை மிகக் குறைவு, உயர்த்துங்கள்" என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். தலைவர் பிரதாப்ராவ் ஜாதவாக இருந்தபோதும் சரி, கனிமொழியாக இருந்தபோதும் சரி, இப்போது சப்தகிரி உலாகாவாக இருக்கும்போதும் சரி. ஒருவர் சிவசேனா, ஒருவர் தி.மு.க., ஒருவர் காங்கிரஸ். குழுவில் ஆளும் கட்சி உறுப்பினர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்லியும் 200 ரூபாய் 200 ரூபாயாகவே இருக்கிறது.

இந்தக் குழுக்களுக்கு உண்மையில் என்ன அதிகாரம்? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதுங்கள்.

பழையகோப்பு

மாநில அரசு அலுவலகம் ஒன்றில் 31 வருடம் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். தணிக்கையாளர்கள் எழுதும் ஆட்சேபப் பத்திகளுக்குப் பதில் தயாரிப்பதிலேயே பாதி வாழ்க்கை போயிற்று. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பணம் செலவான பிறகு கேள்வி கேட்கிற குழு வேறு, செலவாகும் முன் கேட்கிற குழு வேறு. பொதுக் கணக்குக் குழு முதல் வகை. மத்தியில் அது 1921-இல், வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்துவிட்டது. அப்போது நிதித்துறையைக் கையில் வைத்திருந்தவரே தலைவராகவும் இருந்தார். குடியரசான பிறகுதான் சபாநாயகரின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரைத் தலைவராக்குவது மரபு. மினூ மசானிதான் முதலாமவர். 22 உறுப்பினர்கள், அமைச்சர்கள் இருக்க முடியாது. சிஏஜி (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை அவையில் வைக்கப்பட்டதும் அதில் உள்ள பத்திகளை எடுத்துத் துறைச் செயலாளர்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

நீங்கள் படித்தது இரண்டாம் வகை. துறை சார்ந்த நிலைக்குழுக்கள். 1993-இல் 17 குழுக்களாகத் தொடங்கி, 2004-இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். பட்ஜெட் தாக்கலாகி பொது விவாதம் முடிந்ததும் அவைகளுக்குச் சில வாரம் இடைவெளி விடுகிறார்களே, அது ஓய்வு இல்லை. அந்த நாட்களில்தான் இக்குழுக்கள் உட்கார்ந்து ஒவ்வொரு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையையும் பார்க்கின்றன. போன வருடம் எவ்வளவு கேட்டீர்கள், எவ்வளவு கிடைத்தது, எவ்வளவு செலவானது, மீதியை ஏன் திருப்பிக் கொடுத்தீர்கள் என்று செயலாளரை எதிரில் உட்காரவைத்துக் கேட்பார்கள்.

ஆனால் குழு சொல்வது பரிந்துரை மட்டுமே. அரசைக் கட்டுப்படுத்தாது. ஒரு ரூபாய் கூட்டவோ குறைக்கவோ குழுவால் முடியாது. மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அரசுக்கு இருக்கிற கட்டாயம்.

வாசுகி அம்மாவுக்கு ஒரு யோசனை. குழுவின் முதல் அறிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்கு அரசு சொன்ன பதிலை வைத்துக் குழு இன்னொரு அறிக்கை போடும், 'நடவடிக்கை எடுக்கப்பட்ட அறிக்கை' என்று பெயர். அதில் நான்காம் அத்தியாயத்தைத் தேடிப் படியுங்கள். அரசின் பதிலைக் குழு ஏற்றுக்கொள்ளாத பரிந்துரைகள் அங்கேதான் இருக்கும். ஒரு துறையில் எங்கே புண் இருக்கிறது என்பது அந்த அத்தியாயத்தில் தெரிந்துவிடும்.

தேர்வர்24

ஐயா, குரூப் 1-க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். புத்தகத்தில் இதையெல்லாம் ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். ஒரு சந்தேகம். குழுவால் குறைக்க முடியாது, சரி. அவைக்குத் திரும்பி வந்ததும் கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லி உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம் அல்லவா? குழு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவையிலேயே கேட்கலாமே?

தலைநகர்_நிருபர்

கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு அவை நடக்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் டெல்லியில் செய்தி சேகரிக்கிறேன், பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் நான்கைந்து அமைச்சகங்களின் கோரிக்கைதான் மக்களவையில் விவாதத்துக்கு வரும். மீதியெல்லாம் கடைசி நாளில் கில்லட்டின். குறித்த நேரம் வந்ததும் சபாநாயகர் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விட்டுவிடுவார். 2018 மார்ச் 14 அன்று அமளிக்கு நடுவில் ஒரு அமைச்சகம்கூட விவாதிக்கப்படாமல் எல்லாக் கோரிக்கைகளும் நிறைவேறின. 2023 மார்ச் 23 அன்றும் அதே கதை. சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்க்கான பட்ஜெட், சில நிமிடங்களில் முடிந்தது. அந்த இரண்டு வருடங்களிலும் மக்கள் பிரதிநிதிகள் இந்தக் கணக்கை வரி வரியாகப் பார்த்தார்கள் என்றால் அது குழு அறையில் மட்டும்தான்.

கேமரா இல்லாமல், கதவை மூடிக்கொண்டு நடக்கும் அந்த அறையில் உண்மை வெளிவரும் என்பதற்கு 2018-ஐயே உதாரணமாகச் சொல்கிறேன். பி.சி. கந்தூரி தலைமையிலான பாதுகாப்புத் துறை நிலைக்குழு. ராணுவத் துணைத் தளபதி சரத் சந்த் சாட்சியம் சொன்னார். ராணுவத் தளவாடங்களில் 68 சதவீதம் பழங்காலத்தவை, 8 சதவீதம்தான் அதிநவீனமானவை என்றார். நவீனமாக்க ஒதுக்கியது 21,338 கோடி, ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கவேண்டிய பாக்கியே 29,033 கோடி என்று கணக்கும் வைத்தார். சீருடையில் இருக்கிற ஒருவர் டிவி மேடையில் இதைச் சொல்லியிருப்பாரா? கந்தூரி ஆளும் பா.ஜ.க.வைச் சேர்ந்தவர், ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். அவருடைய குழு இதை அப்படியே அறிக்கையில் ஏற்றி அவையில் வைத்தது. அதே வருடம் செப்டம்பரில் குழுக்களை மாற்றியமைத்தபோது அவருக்குத் தலைவர் பதவி இல்லை, கல்ராஜ் மிஸ்ரா வந்தார். நான் மதிக்கிற அறிக்கைகளில் அது ஒன்று.

வாசுகி_ஆரூர்

படிக்கவே மலைப்பாக இருக்கிறது. அப்படியென்றால் கதவு மூடியிருப்பதுதான் நல்லதா? எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை. என் பணத்தைப் பற்றிய விசாரணையை நான் ஏன் பார்க்கக் கூடாது?

வடமராட்சியான்

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாராளுமன்றத்தில் கோப் குழு, கோபா குழு என்று சொல்லுவோம். கோபா அரசாங்கக் கணக்குகளைப் பார்க்கும். கோப் 1979 முதல் கூட்டுத்தாபனங்கள், சபைகள் போன்றவற்றைப் பார்க்கிறது. 2016-இல் சுனில் ஹந்துன்நெத்தி தலைவராக இருந்தபோது மத்திய வங்கி பிணைமுறி (கடன் பத்திரம்) விவகாரத்தில் வந்த அறிக்கையை இங்கே சாதாரண சனமும் கதைத்தது. அதற்குச் சில வருடம் கழித்து ஊடகங்களுக்கும் கதவைத் திறந்தார்கள்.

திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2022 ஜூனை நினைத்துப் பாருங்கோ. மின்சார சபைத் தலைவர் பேர்டினான்டோ கோப் குழுவில் இருந்துகொண்டு, மன்னார் காற்றாலைத் திட்டத்தை அதானி குழுமத்துக்குக் கொடுக்கச் சொல்லி இந்தியப் பிரதமர் அழுத்தம் கொடுக்கிறார் என்று சனாதிபதி தன்னிடம் சொன்னதாகச் சாட்சியம் சொன்னார். சனாதிபதி உடனே மறுத்தார். சொன்னவரும் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று வாபஸ் வாங்கினார், சில நாளில் பதவி விலகினார். எது உண்மை என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் காணொளி எல்லோர் கையிலும் இருந்தது. மூடிய அறையாக இருந்திருந்தால் அப்படி ஒரு கேள்வி எழுந்ததே எங்களுக்குத் தெரிந்திராது.

மின்வெட்டிலும் எரிவாயு வரிசையிலும் நின்ற சனம் நாங்கள். எந்த நிறுவனம் எவ்வளவு நட்டம் என்று அதிகாரி வாயால் கேட்டபோதுதான் விசயம் விளங்கியது. அதனால் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு.

தலைநகர்_நிருபர்

உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இங்கே நான் கண்டது வேறு. கேமரா இல்லாததால்தான் எம்.பி.க்கள் கட்சியை மறந்து பேசுகிறார்கள். 2017 ஜனவரியில் பணமதிப்பிழப்பு பற்றி விளக்க ரிசர்வ் வங்கி ஆளுநர் உர்ஜித் படேல், வீரப்ப மொய்லி தலைமையிலான நிதித் துறை நிலைக்குழு முன் வந்தார். வங்கிகளுக்கு எவ்வளவு பழைய நோட்டு திரும்ப வந்தது என்ற கேள்விக்கு அவரிடம் எண் இல்லை. பணம் எடுப்பதில் உள்ள கட்டுப்பாடுகள் எப்போது நீங்கும் என்று உறுப்பினர்கள் நெருக்கியபோது, பதில் சொல்ல வேண்டாம் என்று அவருக்குத் துணைநின்றவர் மன்மோகன் சிங் என்று அப்போது எல்லா நாளிதழ்களும் எழுதின. பணமதிப்பிழப்பை நாடாளுமன்றத்தில் கடுமையாகச் சாடியவர் அவர். ஆனாலும் ரிசர்வ் வங்கி என்ற அமைப்பு அவமானப்படக் கூடாது என்று நினைத்திருக்கிறார். நேரலையில் அப்படி ஒருவர் நடந்துகொள்ளக் கட்சி விடுமா?

மறுபக்கமும் உண்டு, மறைக்கவில்லை. 2ஜி விவகாரத்தில் முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான பொதுக் கணக்குக் குழு 2011 ஏப்ரலில் இரண்டாக உடைந்தது. வரைவறிக்கையைப் பெரும்பான்மை உறுப்பினர்கள் நிராகரித்தார்கள், சபாநாயகர் மீரா குமார் அறிக்கையைத் திருப்பி அனுப்பினார். கதவு மூடியிருந்தும் சண்டை வந்தது.

நொய்யல்கரை

டெல்லிக் கதை இருக்கட்டும். நம் கோட்டையில் என்ன நடக்கிறது? தமிழ்நாட்டில் துறைவாரிக் குழுக்கள் கிடையாது. ஒரு நாளில் இரண்டு மூன்று துறைகளின் மானியக் கோரிக்கை வரும். கொள்கை விளக்கக் குறிப்பு பெரும்பாலும் அன்றைக்குத்தான் உறுப்பினர் கைக்கு வருகிறது. அதைப் படித்து முடிக்க ஒரு வாரம் ஆகும். அப்புறம் எப்படிக் கேள்வி கேட்பார்கள்? தொகுதிக்குப் பாலம் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அமைச்சர் பதிலுரையில் புது அறிவிப்புகளை வாசிக்கிறார். போன வருடம் அறிவித்தது என்னாயிற்று என்று கேட்க நேரம் இல்லை.

நான் விவசாயி. சாயக்கழிவால் நொய்யல் கெட்டுப்போன பகுதியில் நிலம். மாசுக்கட்டுப்பாட்டுக்கு ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று என்று செயலாளரை உட்காரவைத்து மூன்று மணி நேரம் கேட்கிற இடம் நம் மாநிலத்தில் எது?

பாலக்காட்டு_ரமணி

எல்லை தாண்டினால் இருக்கிறது. கேரள சட்டசபையில் 1980 முதல் விஷயக் குழுக்கள் உண்டு, இப்போது 14. பொது விவாதம் முடிந்ததும் சபைக்கு இடைவெளி விட்டுக் குழுக்கள் மானியக் கோரிக்கைகளைப் பார்க்கும். மத்தியில் 1993-இல் வந்ததை இங்கே 13 வருடம் முன்பே செய்தார்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்தந்தத் துறை அமைச்சரே குழுவுக்குத் தலைவர். கணக்குக் கேட்க வேண்டிய நாற்காலியில் கணக்குச் சொல்ல வேண்டியவர் உட்காருகிறார். மத்தியில் அமைச்சர் உறுப்பினராகக்கூட இருக்க முடியாது, அதுதான் சரி. தமிழ்நாட்டில் எப்போதாவது ஆரம்பித்தால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நொய்யல்கரை

தலைவர் யார் என்பது பெரிய விஷயம்தான். 2021-இல் இங்கே பொதுக் கணக்குக் குழுவுக்குத் தலைவரானவர் காங்கிரஸின் செல்வப்பெருந்தகை. காங்கிரஸ் அரசில் இல்லை, ஆனால் தி.மு.க. கூட்டணியில் இருந்தது. பிரதான எதிர்க்கட்சி அ.தி.மு.க. அவர் எப்படி வேலை செய்தார் என்பது வேறு பேச்சு. ஆனால் கூட்டணிக்கு உள்ளே இருக்கிற கட்சிக்கு அந்த நாற்காலியைக் கொடுப்பது 1967 மரபின் உயிரைக் குறைக்கிறது என்பது என் எண்ணம். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. இந்தக் குழுக்கள் மாவட்டச் சுற்றுப்பயணம் வரும். கார் வரிசை, நான்கு இடத்தில் ஆய்வு, கலெக்டர் ஆபீஸில் கூட்டம், மறுநாள் பேப்பரில் படம். இதில் என்ன கண்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பழையகோப்பு

நொய்யல்கரைத் தம்பியின் கோபம் நியாயம். ஆனால் உள்ளே இருந்தவன் என்பதால் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம்.

நான் இளநிலை உதவியாளராக இருந்தபோது எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பரிசோதனைக் கருவி வந்தது. அந்தக் காலத்தில் பெரிய விலை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், அது ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். எங்கள் கட்டடத்தில் ஒருமுனைதான். மின் இணைப்புக்கு மதிப்பீடு கேட்டுக் கடிதம் போயிற்று. மதிப்பீடு வந்தது, நிதி இல்லை. நிதி கேட்டுக் கடிதம் போயிற்று. பெட்டி வராந்தாவில் நின்றது. அதன்மேல் பழைய ரெஜிஸ்டர்களை அடுக்கினோம். மழைக்காலத்தில் தார்ப்பாய் போட்டோம்.

ஏ.ஜி. (மாநிலக் கணக்காயர்) ஆடிட் பார்ட்டி வந்தது. அவர்களில் ஒரு இளைஞர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். அன்று சாயங்காலமே ஹாஃப் மார்ஜின் என்கிற தணிக்கைக் கேள்விக் குறிப்பைக் கையில் கொடுத்தார்கள். "வாங்கிய நாள், நிறுவிய நாள், பயன்படுத்திய நாள் தெரிவிக்கவும்." முதல் நாள் மட்டும்தான் எங்களிடம் இருந்தது. அது ஆய்வறிக்கையில் ஏறி, வரைவுப் பத்தியாகி, சிஏஜி அறிக்கையில் அச்சாகி, அவையில் வைக்கப்பட்டு, பொதுக் கணக்குக் குழுவின் முறை வருவதற்குள் பெட்டி வந்து ஏழு வருடம் ஆகிவிட்டது. கொள்முதலில் கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

விசாரணை நாளில் கோப்பைத் தூக்கிக்கொண்டு கோட்டைக்கு நானும் போனேன். முன்வரிசையில் செயலாளர், அடுத்து இயக்குநர், அவர் பின்னால் சுவரோரம் நாங்கள். பன்னிரண்டு பக்கத்துக்கு விளக்கக் குறிப்பு தயாரித்திருந்தோம். அதன் ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம். குழுத் தலைவர் அதைப் புரட்டவே இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "பெட்டியைப் பிரிச்சீங்களா?"

செயலாளர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் திரும்பி எங்களைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "இன்னும் இல்லை ஐயா" என்று செயலாளர் சொன்னார். அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒரு மாதம் அவகாசம் என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

மூன்று வாரத்தில் கம்பி இழுத்தார்கள். பெட்டியைப் பிரித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே ரப்பர் பாகங்கள் எல்லாம் இற்றுப்போயிருந்தன.

அந்தக் கேள்வியை ஏழு வருடம் முன்னால், அடுத்த ஆண்டுக்குப் பணம் கேட்டு நாங்கள் நின்ற நாளிலேயே யாராவது கேட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கும் துறைவாரிக் குழு வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். சுற்றுப்பயணத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குழு வருகிறது என்று கடிதம் வந்த அன்றே பாதி வேலை தானாக நடக்கும், அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் பத்திகள் மலைபோல் சேர்ந்துவிட்டன, ஒரே குழு எத்தனையைத்தான் விசாரிக்கும்?

தேர்வர்24

ஐயா, இதை இரண்டு முறை படித்தேன். ஒரு சந்தேகம். அமைச்சரையே கூப்பிட்டுக் கேட்டால் வேகமாக நடக்காதா? ஏன் செயலாளரை மட்டும்?

தலைநகர்_நிருபர்

விதி அப்படி. நிதி சார்ந்த குழுக்கள் கணக்கு பற்றிச் சாட்சியம் சொல்ல அமைச்சரை அழைக்க முடியாது. அமைச்சர் அவைக்குப் பொறுப்பு, செயலாளர் கணக்குக்குப் பொறுப்பு என்பது வாதம். 2017-இல் பொதுக் கணக்குக் குழுத் தலைவர் கே.வி. தாமஸ், தேவைப்பட்டால் பிரதமரையும் அழைக்கலாம் என்று சொல்லப் போக, பெரிய எதிர்ப்பு கிளம்பி, அப்படி அழைக்க முடியாது என்று குழுவே விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. 2010-இல் மன்மோகன் சிங் தானாகவே குழு முன் வரத் தயார் என்றார். அது அவர் விருப்பம்.

கதவு பற்றி வடமராட்சியான் சொன்னதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நேரலை வேண்டாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அறிக்கை அவையில் வைக்கப்பட்டதும் சாட்சியத்தை முழுசாக, யார் என்ன கேட்டார் என்ற பெயரோடு வெளியிட்டால் என்ன குறைந்துவிடும்? அதையாவது கேட்கலாம். உறுப்பினர் பதவிக்காலம் ஒரே ஒரு வருடம் என்பதையும் நீட்ட வேண்டும். ஒருவர் துறையைப் புரிந்துகொள்ளும்போது வேறு குழுவுக்கு மாற்றிவிடுகிறார்கள்.

வடமராட்சியான்

பெயரோடு எழுத்தில் வந்தால் நல்லம்தான். ஆனால் அதற்கு எத்தனை மாதம் ஆகும்? எங்களுக்கு அன்றைக்கே தெரிந்ததில்தான் பலன் இருந்தது. இதில் நான் உங்களோடு உடன்படவில்லை அண்ணை.

நொய்யல்கரை

பழையகோப்பு ஐயா, மனுக்கள் குழு எங்கள் பக்கம் வரப்போகிறது என்று பேப்பரில் போட்டிருந்தான். நதி விஷயத்தை அங்கே கொண்டுபோகலாமா?

பழையகோப்பு

கட்டாயம் கொண்டுபோங்கள். தமிழில், ஐந்து நகல், தேதி போட்டுக் கையெழுத்து. தலைவர், மனுக்கள் குழு, சட்டமன்றப் பேரவை, சென்னை 9 என்று முகவரி. பல வருடமாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, ஒரு துறை. நிலத்தகராறு, சொந்த வேலை, கோர்ட்டில் இருப்பது என்றால் எடுக்க மாட்டார்கள். நதியைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதாதீர்கள். எந்த இடத்தில், எந்த வேலை, எந்த ஆண்டு நின்றது என்று எழுதுங்கள். நகல் அனுப்பும் முன் எனக்குக் காட்டுங்கள், பார்த்துத் தருகிறேன்.

வாசுகி_ஆரூர்

நேற்றும் இன்றும் உட்கார்ந்து நான்காம் அத்தியாயங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தேர்வர் தம்பியும் பாதி எடுத்துக்கொண்டார். கிடைக்கிறவற்றைத் தமிழில் சுருக்கி இங்கேயே போடுகிறோம்.

எங்கள் தொகுதி எம்.பி.க்கும் நிலைக்குழுவுக்கும் எழுதப்போகிறேன். முதலில் இரண்டு பக்கம் எழுதினேன். ஐயாவின் பெட்டிக் கதையைப் படித்த பிறகு கிழித்துவிட்டேன். இப்போது கடிதத்தில் இருப்பது இவ்வளவுதான்:

"முதியோருக்கு மாதம் 200 ரூபாய் போதும் என்று எந்தக் கணக்கை வைத்து முடிவு செய்தீர்கள்? அந்தக் கணக்கைக் கடைசியாக எந்த ஆண்டு எடுத்துப் பார்த்தீர்கள்?"

இதில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் சொல்லுங்கள். திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போடுகிறேன்.